பதினோராவது லாரி

தெ-41 பகுதியில் அன்று காலை பதினொரு மணிக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அதில் எத்தனை பேருடைய விரல் நிஜமாகவே போன் மேல் இருக்கிறது என்று காட்டும் பொத்தானை அழுத்தினேன். ஒன்று என்று வந்தது.

இயந்திரம் உளறுகிறது என்று நினைத்து மறுபடி அழுத்தினேன். மறுபடியும் ஒன்று. காபியைக் குடித்து முடித்துவிட்டு மூன்றாவது தடவை அழுத்தினேன். அது தன் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை.

மிதவை என்கிற கம்பெனியில் எனக்குச் சரிபார்க்கிற வேலை. பெயர் தணிகைவேல், வயது நாற்பத்தொன்று, பெருங்குடியில் ஏழாவது மாடியில் தனியாக இருக்கிறேன். ஏன் தனியாக என்று கேட்காதீர்கள். சொன்னால் நீங்களும் என் மனைவி பக்கம் சேர்ந்துவிடுவீர்கள்.

மிதவை ஆரம்பத்தில் செய்தது நல்ல காரியம் என்று இன்றைக்கும் சண்டை போட்டுச் சொல்வேன். அதுவரை பெரிய விளையாட்டு ஆடவேண்டுமென்றால் விலையுயர்ந்த கம்ப்யூட்டர் வேண்டும். நாங்கள் அந்தக் கம்ப்யூட்டரை எங்கள் கட்டடத்திலேயே வைத்துக்கொண்டு, படத்தை மட்டும் போனுக்கு அனுப்பினோம். விரல் படுவது அங்கே, விளையாட்டு ஓடுவது இங்கே. மூலை உடைந்த போன் போதும். நகரத்துப் பையன்களை நாங்கள் தேடிப் போகவில்லை. வாழ்நாளில் எந்த விளையாட்டும் ஆடியிராதவர்களைத் தேடிப் போனோம். தெ-41 என்று நாங்கள் எண் போட்ட அந்த ஊர் கோவில்பட்டிக்குத் தெற்கே இருக்கிறது. அங்கே கிடைத்தவர்கள் தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள், அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்கள். பத்துப் பத்துப் பேராகக் குழு சேர்ந்து, பத்து லாரிகள் வரிசையாக மலையிலிருந்து கடற்கரைக்குச் சரக்கு இறக்குகிற விளையாட்டைக் கொடுத்தோம். மினி பஸ்ஸைத் தவிர எதிலும் ஏறியிராத பெண்கள், பதினாறு சக்கர லாரியைக் கொண்டை ஊசி வளைவில் ஒடித்துத் திருப்பினார்கள். அதைப் பார்த்து ஆபீசில் எழுந்து நின்று கைதட்டியவன் நான்.

இப்போது அந்த ஊரில் ஒரே ஒரு விரல். மற்ற முந்நூற்றுப் பதினொரு லாரிகளை ஓட்டுவது கம்ப்யூட்டர். நாங்கள் அதற்கு வைத்த பெயர் நிரப்பி.

என் மேலாளர் ரெஜினா மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒரு ஆளுக்காக ஒரு ஊரையே ஓட்ட முடியாது தணிகை. மாசக் கடைசில மூடிடலாம். அதுக்கு முன்னாடி அந்த ஒண்ணு ஆளுதானா, இல்ல யாராவது மெஷின் வெச்சு போனைத் தட்டிட்டிருக்காங்களான்னு நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துடு. ரிப்போர்ட் சுத்தமா இருக்கணும்."

"ஆளா இருந்தா அவங்ககிட்ட என்ன சொல்றது மேடம்?"

"சர்வீஸை மேம்படுத்தறோம்னு சொல்லு."

கிளம்புவதற்கு முன் அந்த ஒற்றை விரலின் பதிவுகளைப் படித்தேன். பெயர் செண்பகவல்லி. வரிசையில் கடைசி, பத்தாவது லாரி. தினமும் பதினொரு மணிக்கு வருகிறார், பன்னிரண்டரைக்குப் போகிறார். தினமும் பதினொன்றே கால் வாக்கில் மற்ற ஒன்பது லாரிகளுக்கும் ஒரே வாக்கியத்தை அனுப்புகிறார்: "தண்ணி வந்துருச்சு." அனுப்பிவிட்டு, போகாமல் ஓட்டிக்கொண்டே இருக்கிறார். பரவாயில்லையே, நல்ல முனிசிபாலிட்டி, தினமும் தண்ணீர் விடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஏழாவது மாடியில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறவனுக்கு அவ்வளவுதான் தோன்றும்.

செண்பகவல்லியின் தெருவில் பாதி வீடுகள் பூட்டியிருந்தன. தெருக்குழாய் முன்னால் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக நின்றன, பச்சை, நீலம், ஆரஞ்சு. ஆள் ஒருவரும் இல்லை. செண்பகவல்லிக்கு ஐம்பது வயதிருக்கும். காலையில் வீட்டு வாசலில் இட்லி போட்டு விற்பவர், பத்தரைக்குள் அடுப்பை அணைத்துவிடுவார். என்னைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"தண்ணி ஆபீசுல இருந்தா வாரீங்க?"

"இல்லக்கா. மிதவைல இருந்து வரேன். அந்த லாரி விளையாட்டு."

"அப்ப உள்ள வாங்க தம்பி. தண்ணி ஆபீசுன்னா வாசல்லயே நிப்பாட்டி நாலு வார்த்தை கேக்கணும்னு இருந்தேன்."

போனைச் சுவரில் சாய்த்து வைத்து, எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து ஓட்டினார். அடேயப்பா, அந்தக் கை. இருபது வருஷம் குச்சி அடுக்கிய விரல்கள் கண்ணாடியைத் தொட்டும் தொடாமலும் போய் வந்தன. மெஷின் எதுவும் இல்லை, ஆள்தான். என் வேலை ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. எழுந்து வந்திருக்கலாம்.

பதினொன்றே கால் ஆனது. "தண்ணி வந்துருச்சு" என்று அனுப்பினார். முன்னால் போகிற ஒன்பது லாரிகளையும் கண் கொட்டாமல் பார்த்தார். அவை போய்க்கொண்டே இருந்தன. அவரும் ஓட்டினார்.

"நீங்க தண்ணி பிடிக்கப் போகலையாக்கா?"

"தண்ணியா? வந்து நாலு நாளாச்சு. இனி வர ஆறு நாளாகும். பத்து நாளைக்கு ஒருக்கத்தான விடுதான்."

"அப்ப ஏன் வந்துருச்சுன்னு அனுப்பினீங்க?"

அவர் போனிலிருந்து கையை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தீப்பெட்டி ஆபீசுல நாங்க நாப்பது பேரு. எவளாவது ஒருத்தி வாசல்ல நின்னு தண்ணி வந்துருச்சுன்னு கத்திட்டா, கையில என்ன இருக்குன்னு பாக்க மாட்டோம். போட்டது போட்டபடி எந்திரிச்சு ஓடுவோம். கணக்கப்பிள்ளை தொண்டை கிழியக் கத்துவாரு, ஒருத்தியும் திரும்பிப் பாக்க மாட்டா. லாரி ஓட்டும்போதும் அதே பழக்கந்தான். அப்புறம் ஆபீச மூடிட்டான், ஒவ்வொருத்தியா திருப்பூருக்குப் போயிட்டாளுக. போகையில, லாரில பாத்துக்கிடுவோம்க்கான்னுதான் சொல்லிட்டுப் போனாளுக. அப்பவும் ஒரு பேச்சு வச்சிருந்தோம். யாரு ஊர்ல தண்ணி வந்தாலும் சரி, பத்து வண்டியும் ஓரங்கட்டணும், போனவ திரும்பி வார வரைக்கும்."

"நின்னாங்களா?"

"நின்னாளுக. எத்தனை குடம்க்கா கிடைச்சுச்சுன்னு கேப்பாளுக. ஒருநா தண்ணி வந்துச்சு, சொல்லிட்டு ஓடினேன். திரும்பி வந்து பாத்தா என் வண்டியும் சேந்து பத்தும் போய்க்கிட்டே இருக்கு. ஒருத்தியும் நிக்கல. ஒருத்தியும் கேக்கல." அவர் புடவைத் தலைப்பை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். "முன்னால போறது யாரு தம்பி?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் ஆபீஸ் பதில் ஒன்று இருந்தது. அதை விட்டுவிட்டு உள்ளதைச் சொன்னேன்.

"உங்க ஊர்ல லைன் மோசம்க்கா. நடுநடுவுல அறுந்துடும். அறுந்தா லாரி பள்ளத்துல விழுந்துடும். அதனால ஒவ்வொருத்தர் கையும் எப்படிப் போகும்னு கம்ப்யூட்டருக்குப் பழக்கி வெச்சோம். லைன் அறுந்தா அஞ்சு நொடி அது உங்களை மாதிரியே ஓட்டும், உங்களை மாதிரியே சரிக்கா, மெதுவா வாக்கான்னு பேசும். அஞ்சு நொடிக்கு மேல ஆனா லாரி ஓரமா நின்னுடும். உங்க லாரி வழியில நிக்குதுன்னு போனுக்குச் சேதி போகும். அப்புறம் அந்த அஞ்சு நொடி அளவை எடுத்துட்டோம். இப்ப ஆள் வராட்டியும் அது பாட்டுக்கு ஓட்டும்."

"எடுத்தது யாரு?"

"நான்தான்."

உண்மையும் அதுதான். யாரும் சும்மா நிற்கக் கூடாது, எண்ணிக்கை குறையக் கூடாது என்று மேலே கேட்டார்கள். ஒரே ஒரு வரி. அதை அழித்தேன். அழித்ததற்குப் பாராட்டு வேறு வாங்கினேன்.

"சரி, அது என்னை மாதிரியே ஓட்டும்னா, தண்ணி வந்துருச்சுன்னா நிக்கணும்ல? அவளுக நின்னாளுகளே."

இதற்குப் பதில் சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. பழைய பதிவுகளில் பத்து நாளைக்கு ஒருமுறை இந்த ஊர் மொத்தமும் ஒரு மணி நேரம் அப்படியே உறைந்து போகும். டவர் கோளாறு என்று முடிவு கட்டினோம். நிரப்பிக்குப் பழக்கும்போது அந்த நேரத்தையெல்லாம் குப்பை என்று வெட்டி எறிந்தோம். எட்டு என்ஜினீயர்கள் உட்கார்ந்து பார்த்தோம். குழாயில் தண்ணீர் வந்திருக்கலாம் என்று எட்டுப் பேரில் ஒருவனுக்கும் தோன்றவில்லை.

அதை அவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். சந்தோஷமான சிரிப்பு இல்லை.

"வெளிய குடம் நிக்குல்லா, பாத்தீங்களா? ஆளுக்குப் பதிலாக் குடம் வரிசைல நிக்கும். அது தப்பில்ல. ஆனா தண்ணி வந்துட்டா ஆளு வந்தாகணும். வரலேன்னா குடத்தத் தூக்கி ஓரமா வச்சிருவோம். நீங்க வச்ச குடம் ஆளே இல்லாம தானே தண்ணி பிடிச்சிட்டுப் போகுது போல." பிறகு குரலைத் தணித்துக் கேட்டார். "பேச்சியும் இல்லையா? ஏழாம் நம்பர் வண்டி. பேச்சியம்மா. ஆபீசுல பதினாறு வருசம் என் பக்கத்துலதான் உக்காந்திருந்தா."

என் போனில் பார்த்தேன். ஏழாம் நம்பரில் கடைசியாக விரல் பட்டுப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. சொன்னேன். அவர் எழுந்து போய் டீ போட்டார். டீத்தூள் டப்பாவைத் திறக்க அவ்வளவு நேரம் ஆகாது.

"போன் பண்ணிக் கேட்டிருக்கலாமேக்கா?"

"முதல்ல தோணல தம்பி. தினமும் வண்டில பாக்கேன், போன் எதுக்குன்னு இருந்தேன். அப்புறம் சந்தேகம் வந்துருச்சு. வந்ததும் பயமாயிருச்சு. நான் அதெல்லாம் விட்டு ஒரு வருசமாச்சுக்கான்னு அவ சொல்லிட்டா? அப்ப இத்தனை நாளா நான் யாருகிட்ட பேசிட்டு இருந்தேன்? அதான் தினமும் ஒருக்க சொல்லிப் பாக்கேன். ஒருத்தியாவது பிரேக்கப் போடுவா, ஒரு பின் விளக்காவது சிவக்கும்னு."

மாசக் கடைசியில் மூடப்போகிறோம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. டீ நன்றாக இருக்கிறது என்றேன். கோழை என்பதற்கு நீங்கள் வேறு எங்கும் போய் அர்த்தம் தேட வேண்டாம்.

கோவில்பட்டி ஸ்டேஷனில் உட்கார்ந்து பேச்சியம்மாளைப் போனில் பிடித்தேன். திருப்பூரில் பனியன் கம்பெனி, சாப்பாட்டு நேரம், பின்னால் ஒரே இரைச்சல்.

"செண்பகாக்காவா? நல்லா இருக்காங்களா சார்? நெனைக்காத நாளில்ல. இங்க வந்ததுல இருந்து ஷிப்டு, ஓவர்டைம்னு மூச்சு விட முடியல. ஆனா என் வண்டி அங்க ஓடிக்கிட்டுத்தான இருக்கு? வாரா வாரம் சேதி வரும், நீங்க இத்தனை தூரம் ஓட்டிட்டீங்கன்னு. நம்ம போகாட்டியும் அக்காவுக்குத் துணையா வண்டி ஓடுதேன்னு நிம்மதியா இருந்தேன். அதான் தனியாக் கூப்பிடல."

"ஒருதடவை கூப்பிடுங்களேன்."

"நாளைக்குக் கூப்பிடுதேன் சார்."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நிரப்பி வராமல் இருந்திருந்தால் பேச்சியம்மாளுக்கு ஒரு வாரத்தில் குற்றவுணர்ச்சி வந்திருக்கும், பத்தாவது நாள் கூப்பிட்டிருப்பார். அந்தக் குற்றவுணர்ச்சியைத்தான் நான் ஒரு வரியில் அழித்திருந்தேன். என் பிறந்தநாளுக்கு வருஷம் தவறாமல் வாழ்த்துச் சொல்வது ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி மட்டும்தான். அதுவும் யாரோ என்னைப் போன்ற ஒருவன் எழுதி வைத்துவிட்டுப் போன வரியாகத்தான் இருக்கும்.

மறுநாள், அதற்கு மறுநாள், பேச்சியம்மாள் கூப்பிட்ட அடையாளம் இல்லை. செண்பகவல்லி வழக்கம்போல் பதினொரு மணிக்கு வந்தார். இனித் தெரியாதென்று சொல்ல முடியாது, எல்லாம் தெரிந்தும் வந்தார். அதை வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க எனக்குச் சகிக்கவில்லை. வாராந்தரச் சோதனைக்காக எந்த லாரிக்குள்ளும் புக எனக்கு அனுமதி உண்டு. ஏழாம் நம்பருக்குள் புகுந்தேன்; சோதனைக்காரன் உள்ளே இருக்கும்வரை நிரப்பி அந்த லாரியைத் தொடாது.

பதினொன்றே கால். "தண்ணி வந்துருச்சு."

பிரேக்கைப் போட்டேன். ஏழாம் நம்பரின் பின் விளக்குகள் சிவந்தன. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போய் உண்மையிலேயே ஒரு பாத்திரத்தில் தண்ணீர் பிடித்தேன். திரும்பி வந்து போனை நிமிர்த்தினேன். பத்தாவது லாரி ஏழாவதின் பின்னால் முட்டுகிற தூரத்தில் நின்றுகொண்டிருந்தது. மூன்று செய்திகள்.

"பேச்சி?"

"பேச்சி நீயா?"

"அழுதுட்டேன்டி."

நான் செய்த காரியத்தின் லட்சணம் அப்போதுதான் விளங்கியது. நிரப்பியாவது தெரியாமல் செய்தது. "ஆமாக்கா" என்று எழுதினேன். உண்மையை எழுத விரல் வரவில்லை.

அடுத்த கேள்வி வந்தது: "எத்தனை குடம்?"

"நாலு."

"நாலு குடத்துக்கு நாலு நிமிசமா? உங்க ஊர்ல தண்ணி நல்லா வருது போல தம்பி."

குட்டு வெளிப்பட்டுவிட்டது. அவரே எழுதினார்.

"அவ வண்டில இனி ஏறாதீங்க. வாரதுன்னா உங்க பேருல வாங்க. எந்திரிச்சுப் போனா ஒரு மணி நேரம் கழிச்சு வாங்க. வரிசைல நிக்கணும்ல."

மாசக் கடைசிக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. காலையில் தெ-41க்கு மட்டும், நான் அழித்த வரியைத் திரும்ப எழுதினேன். ஐந்து நொடி. சோதனை என்று காரணம் போட்டேன். ரெஜினா மேடம் பார்த்தால் வேலை போகும் என்று தெரியும். பதினொன்றே காலுக்கு அது அமலுக்கு வரும்படி வைத்துவிட்டு, தணிகைவேல் என்கிற என் சொந்தப் பெயரில் ஒரு புது லாரி எடுத்தேன். பதினோராவது லாரி. செண்பகவல்லிக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டேன்.

"வாங்க தம்பி. வளைவுல ரொம்ப ஒட்டாதீங்க," என்று எழுதினார்.

மலையில் நல்ல வெயில். கீழே கடல் ஒரு கோடாகத் தெரிந்தது. இதற்கு முன் நான் இந்த விளையாட்டை எண்களாகத்தான் பார்த்திருந்தேன், ஓட்டிப் பார்த்ததே இல்லை. இரண்டு வளைவில் பாறையில் உரசினேன். அவர் சிரிக்கிற பொம்மையை அனுப்பினார்.

பதினொன்றே கால் ஆனது. அவர் எழுதினார்: "தண்ணி வந்துருச்சு."

முன்னால் முதல் லாரி நின்றது. பிறகு இரண்டாவது. பிறகு மூன்று, நான்கு, ஐந்து என்று மலைப் பாதை நெடுக ஒவ்வொன்றாகப் பின் விளக்குகள் சிவந்தன. ஒன்பதாவதும் ஓரங்கட்டியது. நாற்பது பேர் போட்டது போட்டபடி எழுந்து ஓடிய மாதிரிதான் இருந்தது. அந்த நேரத்தில் முந்நூற்றுப் பதினொரு போன்களுக்கு, எங்கெங்கோ தையல் மெஷின் மேலும் தலையணைக்கு அடியிலும் கிடந்த போன்களுக்கு, "உங்கள் லாரி வழியில் நிற்கிறது" என்று சேதி போயிருக்கும்.

செண்பகவல்லி மெதுவாக ஓட்டிக்கொண்டு நின்ற லாரிகளைத் தாண்டிப் போனார். ஒவ்வொன்றின் பக்கத்திலும் கொஞ்சம் தயங்கினார். நான் பின்னாலேயே போனேன்.

"நீங்கதான நிப்பாட்டினீங்க?"

"ஆமாக்கா. உள்ள யாருமில்ல." இந்தத் தடவை உண்மையை எழுதிவிட்டேன். மற்றதையும் எழுதினேன். "நாளையோட இதை மூடறாங்க. அன்னிக்கே சொல்லியிருக்கணும். மன்னிச்சிடுங்க."

அவர் ஏழாம் நம்பர் லாரிக்குப் பக்கத்தில் போய் நிறுத்திக்கொண்டார்.

"பரவால்ல தம்பி. ஓடிக்கிட்டே இருந்தப்பதான் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. இப்ப காலியா இருக்குன்னா காலியா இருக்கு. கண்ணால பாத்தாச்சு."

நானும் அவருக்குப் பின்னால் நிறுத்தினேன். ஏதாவது ஆறுதலாக எழுத வேண்டும் என்று ஒரு வாக்கியத்தை அடிப்பதும் அழிப்பதுமாக இருந்தேன். பத்து நிமிஷம் போயிருக்கும். அவர் முந்திக்கொண்டார்.

"இருங்க தம்பி. பேச்சி கூப்பிடுதா."

அவ்வளவுதான். அவர் விரலை எடுத்த ஐந்து நொடியில், மற்ற லாரிகளைப் போலவே பத்தாவது லாரியின் பின் விளக்கும் சிவந்தது.

காத்திருந்தேன். அரை மணி ஆயிற்று, முக்கால் மணி ஆயிற்று. அவர் வரவில்லை. பதினாலு மாதப் பேச்சு, சீக்கிரம் முடியாது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எதிரே மலைப் பாதையில் வரிசையாகச் சிவப்பு விளக்குகள். பழக்க தோஷம், மடிக்கணினியில் அந்தப் பொத்தானை அழுத்தினேன். தெ-41. நிஜமான விரல் எத்தனை?

ஒன்று என்று வந்தது.

விரலை எடுத்தால் ஐந்து நொடியில் என் போனுக்கும் சேதி வரும், உங்கள் லாரி வழியில் நிற்கிறது என்று. அதைத் தவிர வேறு யாரும் என்னைக் கூப்பிடப் போவதில்லை. எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.